முதலாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குச் சிறுகுழு டியூட்டோரியல் நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கால அட்டவணையில் 'டியூட்டோரியல்' என்று அச்சிட்டிருக்கும் மணி நேரங்கள் பலவற்றில் உண்மையில் நடப்பது வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வுதான். முப்பது நாற்பது பேர் அமர்ந்திருக்க, ஆசிரியர் ரோல் நம்பர் வரிசைப்படி கேள்வி கேட்பார். தன் முறை முடிந்தவர் பெருமூச்சு விட்டுவிட்டு மீதி நேரத்தை மேசைக்கடியில் கைபேசியோடு கழிப்பார். இந்த வழிகாட்டி சொல்லும் டியூட்டோரியல் வேறு. எட்டு முதல் பத்து மாணவர்கள் ஒரு நோயாளியைப் பற்றிய தாளை எடுத்துக்கொண்டு, தங்களுக்குத் தெரிந்ததை வைத்து அவருடைய நிலையை விளக்க முயன்று, தெரியாததைக் கேள்விகளாக எழுதி, தனித்தனியே படித்து, சில நாள் கழித்து மீண்டும் கூடி விடை காண்பது இது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்து மருத்துவப் புலம் இதை ஏழு படிகளாக வகுத்து வைத்திருக்கிறது. கீழே உள்ள வரிசை பெரும்பாலும் அதைப் பின்பற்றியது. அந்த வரிசை நம் முதலாண்டு வகுப்பில் எங்கெங்கே இடறுகிறது என்பதைப் பார்த்து நான் சேர்த்துக்கொண்டவையும் இதில் உண்டு.

முதன்முறையாகக் குழுவை நடத்தப்போகும் ஆசிரியருக்காகவே இதை எழுதுகிறேன். குழுத்தலைவராக அமரப்போகும் மாணவரும் படிக்கலாம், மூன்றாம் பகுதியில் உள்ள நோயாளி தனக்கு வராத வரையில்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் நேரம். ஒரு நோயாளித் தாளுக்கு இரண்டு அமர்வுகள் தேவை. ஒவ்வொன்றும் 90 நிமிடம். இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு முழு நாட்கள் இருக்க வேண்டும், ஒரு வாரத்தைத் தாண்டக் கூடாது. செவ்வாய், வெள்ளி என்று வைத்துக்கொள்வது எனக்கு ஒத்துவந்திருக்கிறது. இடைவெளி ஒரே நாளாக இருந்தால் உடற்கூறு அறுவைக்கூடத்திலிருந்து களைத்து வரும் மாணவர் நூலகத்துக்குப் போகவே மாட்டார். பத்து நாளாக இருந்தால் தாம் எழுப்பிய கேள்வியே அவருக்கு மறந்திருக்கும்.

பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்று துறைத்தலைவர் சொன்னால், 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டத்தின் விதியையே காட்டலாம். விரிவுரை மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று அது சொல்கிறது. தானே படித்தலுக்கென்று ஒதுக்கிய மணி நேரங்களும் அதில் தனியாக உண்டு. அவற்றை இந்த இடைவெளிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது அறை. வட்டமாகப் போடக்கூடிய நாற்காலிகளும், எல்லோர் கண்ணுக்கும் தெரியும் ஒரு பலகையும், எழுதும் மார்க்கரும் போதும். மார்க்கர் எழுதுகிறதா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும். இது அற்ப விஷயமாகத் தோன்றும், ஆனால் பலகை இல்லாத குழு ஐந்தே நிமிடத்தில் பேச்சுக் கச்சேரியாக மாறிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். படிக்கட்டு வரிசை போட்ட விரிவுரை மண்டபத்தில் இதை நடத்தவே முடியாது, ஏனென்றால் அங்கே எல்லா முகமும் ஆசிரியரை நோக்கியே திரும்பியிருக்கும்.

மூன்றாவதாக, நடத்தும் ஆசிரியருக்கான இரண்டு பக்கக் குறிப்பு. நோயாளித் தாள் உடலியங்கியல் சார்ந்ததாக இருந்தாலும் குழுவை நடத்துபவர் உடற்கூறியல் ஆசிரியராக இருக்கலாம். எந்தெந்தக் கேள்விகள் எழ வேண்டும், எந்தத் தவறான விளக்கம் வரக்கூடும், எந்த இடத்தில் குழு தடம் மாறும் என்பவை அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும். விடைகளை மட்டும் அச்சடித்துக் கொடுத்தால் அவர் விடைகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

2. குழுவைப் பிரித்தல்

150 பேர் கொண்ட வகுப்பில் பத்துப் பேர் வீதம் பதினைந்து குழுக்கள் வரும். ஆசிரியர் எண்ணிக்கை போதவில்லை என்றால் குழுவைப் பெரிதாக்காமல், பாதி வகுப்பைச் செய்முறைக்கு அனுப்பிவிட்டு மீதிப் பாதிக்கு இதை நடத்துங்கள். பன்னிரண்டைத் தாண்டினால் யாரோ இரண்டு பேர் பேசவே தேவையில்லாமல் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும்.

ரோல் நம்பர் வரிசையில் பிரிக்காதீர்கள். பெயர் அகரவரிசையில் வருவோர் செய்முறையிலும் அறுவைக்கூடத்திலும் ஏற்கெனவே ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குள் யார் பேசுவார், யார் கேட்பார் என்பது முடிவாகியிருக்கும். சீட்டுக் குலுக்கிப் பிரித்து, அந்தக் குழுவை மூன்று நான்கு நோயாளித் தாள்கள் வரை மாற்றாமல் வைத்திருங்கள். ஒருவர்முன் ஒருவர் தவறாகப் பேசக் கூச்சம் விலக அவ்வளவு காலம் பிடிக்கும்.

3. நோயாளித் தாளை எழுதுதல்

முதலாண்டு மாணவருக்கு நோய்களின் பெயர் தேவையில்லை. இயல்பான உடல் எப்படி இயங்குகிறது என்பதுதான் அவர் படிக்க வேண்டியது. ஆகவே இயல்பான இயக்கத்தைத் தேடிப் போகச் செய்யும் நோயாளியையே தேர்ந்தெடுக்க வேண்டும். நான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது நீர்போன்ற வயிற்றுப்போக்கு. சிறுகுடலின் அமைப்பு, உடல்நீர்ப் பகுதிகள், இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, அமில-காரச் சமநிலை என உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்று துறைகளின் பாடமும் அதில் இயல்பாகவே வந்து சேர்கின்றன.

தாளை மூன்றாக வெட்டி வைக்க வேண்டும். முதல் தாள் இப்படி இருக்கும்: திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு செங்கல் சூளையில் வேலை செய்யும் 38 வயது ஆண், வழக்கமான எடை 60 கிலோ. விடியற்காலை நான்கு மணி முதல் கஞ்சித் தண்ணீர் போலப் பன்னிரண்டு முறை வயிற்றால் போயிருக்கிறது. இரண்டு முறை வாந்தி. காய்ச்சல் இல்லை, வயிற்று வலி இல்லை. மனைவி வெறும் தண்ணீரும் கடுங்காப்பியும் கொடுத்திருக்கிறார். "காலைச் சுருட்டிச் சுருட்டி இழுக்குது, எழுந்து நின்னா கண்ணு இருட்டுது" என்கிறார். காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை.

இரண்டாம் தாளில் பரிசோதனைக் குறிப்பு: எடை 57 கிலோ, நாக்கு உலர்ந்திருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புகிறது, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 116, படுத்த நிலையில் இரத்த அழுத்தம் 100/70, நின்றால் 80/60, கை கால்கள் சில்லிட்டிருக்கின்றன, மூச்சு நிமிடத்துக்கு 26, ஆழமாக இருக்கிறது, ஆனால் நுரையீரலில் கோளாறு எதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் தாளில் ஆய்வக முடிவுகள்: சோடியம் 138, பொட்டாசியம் 3.0, குளோரைடு 114, பைகார்பனேட் 14, எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில். தமனி இரத்தத்தின் பி.எச். 7.29, கரியமில வாயு அழுத்தம் 30 மி.மீ. பாதரசம். இந்தத் தாளை இரண்டாம் அமர்வு வரை ஆசிரியர் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டி வைப்பதற்குக் காரணம் உண்டு. நுழைவுத் தேர்வுக்கு இரண்டு ஆண்டு பயிற்சி எடுத்து வந்த மாணவர் கேள்வியின் கடைசி வரியை முதலில் படித்து விடையைக் குறிக்கப் பழகியவர். ஆய்வக எண்களை முன்கூட்டியே பார்த்துவிட்டால் நோயாளியின் குளிர்ந்த கையும் இருண்ட கண்ணும் அவர் நினைவில் நிற்காது.

தாளின் தலைப்பில் நோயின் பெயரை எழுதுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. நானே ஒருமுறை தாளில் தலைப்பு இல்லாமல் கவனமாக அச்சடித்துவிட்டு, குழுவுக்கு அனுப்பிய கோப்பின் பெயரில் 'காலரா' என்று விட்டுவிட்டேன். முதல் அமர்வு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி 89 நிமிடம் காலரா கிருமியின் நுண்ணுயிரியலைப் பேசித் தீர்த்தார்கள்.

4. பொறுப்புகளைக் கொடுத்தல்

ஒவ்வொரு நோயாளித் தாளுக்கும் ஒரு குழுத்தலைவரும் ஒரு குறிப்பெழுதுபவரும் வேண்டும். தலைவரின் வேலை நேரத்தைப் பார்த்துக்கொள்வதும், பேசாதவரைப் பேச அழைப்பதும். விளக்கம் சொல்வது அவர் வேலையில்லை. குறிப்பெழுதுபவர் சொல்லப்பட்டதைத் திருத்தாமல் பலகையில் எழுத வேண்டும், தவறென்று அவருக்குத் தெரிந்தாலும்கூட. தவறான விளக்கம் பலகையில் நின்றால்தான் அதை யாராவது மறுப்பார். எழுதுபவர் வடிகட்டிவிட்டால் குழு அதைப் பார்க்கவே பார்க்காது.

வகுப்பில் முதலிடம் பெறுபவரை முதல் தலைவராக்க வேண்டாம். சுமாராகப் பேசும், எல்லோரோடும் பழகும் ஒருவரே முதல் நோயாளித் தாளுக்குப் பொருத்தமானவர். அடுத்த நோயாளித் தாளுக்கு இரு பொறுப்புகளையும் கைமாற்ற வேண்டும்.

எந்த மொழியில் பேசுவது என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் ஆங்கிலத்தில் வாக்கியம் அமைப்பதற்குள் பேச்சு அவரைக் கடந்து போய்விடும். விளக்கத்தைத் தமிழில் பேசலாம், கலைச்சொற்களை ஆங்கிலத்தில் சொல்லலாம், முடிவில் எழுதும் கேள்விகள் மட்டும் தேர்வு மொழியில் இருக்க வேண்டும் என்று வைத்தால், அதுவரை வாய் திறக்காத இரண்டு பேராவது பேசத் தொடங்குவார்கள்.

5. முதல் அமர்வு: சொற்களும் சிக்கலும்

முதல் தாளை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். பத்து நிமிடத்துக்குள் புரியாத சொற்களைத் தெளிவாக்கிவிட வேண்டும். 'கஞ்சித் தண்ணீர் போல' என்றால் நிறம் எப்படி, 'சுருட்டி இழுப்பது' தசையிலா மூட்டிலா என்பன போன்றவைதான் இங்கே வர வேண்டியவை. மருத்துவச் சொற்களை விட நோயாளியின் சொற்களே மாணவர்களை அதிகம் தடுமாற வைக்கும் என்பதை நீங்களும் காண்பீர்கள்.

பிறகு இரண்டாம் தாள். அதைப் படித்ததும், விளக்க வேண்டியது என்ன என்பதைக் குழு பட்டியலிட வேண்டும்: ஏன் நாடி வேகமாகிறது, படுத்தால் ஓரளவு இருக்கும் அழுத்தம் நின்றால் ஏன் வீழ்கிறது, ஏன் சிறுநீர் வரவில்லை, கால் ஏன் இழுக்கிறது, நுரையீரல் நன்றாக இருந்தும் மூச்சு ஏன் வேகமாக இருக்கிறது. இந்தப் பட்டியல் முடியும்வரை யாரும் விளக்கத்தைத் தொடங்கக் கூடாது. முதல் விளக்கம் வந்துவிட்டால் அதற்குப் பொருந்தும் குறிகள் மட்டுமே கண்ணில் படும். வேகமான மூச்சு பட்டியலில் ஏறாமலே போகும்.

6. தெரிந்ததை வைத்து விளக்க முயலுதல்

இதற்கு 35 நிமிடம் கொடுங்கள். புத்தகம் மூடியிருக்க வேண்டும். கைபேசிகள் ஒரு மேசையில் கவிழ்ந்திருக்க வேண்டும். பள்ளி உயிரியலும் இதுவரை கேட்ட விரிவுரைகளும் போதும். சரியான விடை வருவது இந்தப் படியின் நோக்கமே இல்லை. தனக்குத் தெரியும் என்று நினைத்த இடத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை மாணவர் தம் வாயாலேயே கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அப்படிக் கண்டுபிடித்த ஓட்டையை அடைக்கத்தான் அவர் பிறகு படிப்பார்.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது, ஆகவே மூன்று லிட்டர் நீர் போயிருக்கிறது என்று பலகையில் எழுதியாகிவிட்டது. ஒரு மாணவர் எழுந்து, "உடல் எடையில் 60 சதவீதம் நீர். 60 கிலோ ஆளுக்கு 36 லிட்டர். அதில் மூன்று லிட்டர் போனால் பன்னிரண்டில் ஒரு பங்குதானே, அதற்கு ஏன் இந்த மனிதர் நிற்க முடியாமல் தள்ளாட வேண்டும்?" என்றார். யாருக்கும் பதில் தெரியவில்லை. அரை நிமிடம் மௌனம். ஆசிரியராகிய எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பிறகு சன்னல் ஓரத்தில் இருந்த மாணவி, அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதவர், "மூன்று லிட்டர் எந்த அறையிலிருந்து போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் அமர்வு திரும்பியது. 36 லிட்டரில் 24 லிட்டர் செல்லுக்குள், 12 லிட்டர் செல்லுக்கு வெளியே என்று ஒருவருக்கு நினைவு வந்தது. குடலிலிருந்து போகும் நீரில் சோடியமும் சேர்ந்தே போகிறதா, அப்படியானால் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே வந்து ஈடுசெய்யுமா, செய்யாதா என்று வாதம் போனது. சோடியமும் நீரும் இரத்தத்தில் உள்ள அதே விகிதத்தில் இழக்கப்பட்டால், செல்லுக்குள்ளிருந்து நீரை இழுக்கும் விசை எதுவும் இல்லை. இழப்பு முழுவதும் அந்த 12 லிட்டரின் மேல்தான் விழுகிறது, அதாவது நான்கில் ஒரு பங்கு. அவர்கள் அன்று இந்த விடைக்கு வந்துசேரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வரும்போது பத்துப் பேரும் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். அதே பாடத்தை நான் விரிவுரையில் நடத்தியபோது எத்தனை பேர் விழித்திருந்தார்கள் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

மௌனத்தைப் பொறுப்பதுதான் இந்தப் படியில் ஆசிரியரின் முக்கிய வேலை. மௌனம் தொடங்கியதும் மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். நான் நடத்திய முதல் குழுவில் இதைச் செய்யவில்லை. ஒவ்வொரு தயக்கத்தையும் நானே நிரப்பினேன். அமர்வு முடிந்தபின் பார்த்தால் பலகையில் இருந்தவை எல்லாம் நான் சொன்னவை, கையெழுத்து மட்டும் மாணவருடையது.

குழு தடம் மாறினால் விடை சொல்லாமல் தாளுக்குத் திருப்புங்கள். "காய்ச்சல் இருக்கிறதா, தாளில் பாருங்கள்" என்பது போதும். "அது தவறு" என்று ஆசிரியர் சொல்லிவிட்டால், அதன்பின் ஒவ்வொரு விளக்கத்துக்கும் மாணவர்கள் பலகையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்ப்பார்கள்.

இந்தப் படியின் கடைசிப் பத்து நிமிடத்தில் சிதறிக் கிடக்கும் விளக்கங்களை அம்புக்குறிகளால் இணைத்து ஒரே வரைபடமாக்க வேண்டும். எந்த அம்புக்குப் பக்கத்தில் கேள்விக்குறி விழுகிறதோ அதுதான் அடுத்த படிக்கான சரக்கு.

7. கேள்விகளை எழுதுதல்

முழு முறையிலும் அதிக அலட்சியத்துக்கு உள்ளாவது இந்தப் படிதான். நேரம் முடியப்போகிறது, பசிக்கிறது, "சரி, வயிற்றுப்போக்கு, உடல்நீர், அதிர்ச்சி நிலை, மூன்றையும் படித்துவிட்டு வருவோம்" என்று எழுந்துவிடுவார்கள். இரண்டாம் அமர்வு ஏன் உயிரற்றுப் போனது என்று தேடினால் பத்தில் எட்டு முறை காரணம் இங்கேதான் கிடைக்கும். 'உடல்நீர்' என்பது ஓர் அத்தியாயத்தின் தலைப்பு. அதைப் படிக்கத் தொடங்கலாம், எங்கே நிறுத்துவது என்று தெரியாது; எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் படித்துவிட்டு வருவார்கள்.

ஆகவே இதற்கு இருபது நிமிடம் கட்டாயம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் எழுதியபின் மூன்று விதமாகச் சோதித்துப் பாருங்கள். அது 'ஏன்' அல்லது 'எப்படி' என்று கேட்கிறதா? விடையை ஒரு பக்கத்துக்குள் எழுத முடியுமா? விடை கிடைத்தால் இந்த நோயாளியின் ஏதாவது ஒரு குறி விளங்குமா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றால் கேள்வியைத் திருப்பி எழுதுங்கள்.

'உட்கிரகித்தல் பற்றிப் படித்தல்' என்பது இப்படி மாறும்: சிறுகுடலின் உட்சுவர்ச் செல் சோடியத்தையும் குளுக்கோசையும் எந்த வழியில் சேர்த்து உள்ளே எடுக்கிறது, இவ்வளவு வயிற்றுப்போக்கிலும் அந்த வழி கெடாமல் இருக்க முடியுமா? 'இரத்த அழுத்தம்' என்பது இப்படி மாறும்: இவர் எழுந்து நின்ற சில நொடிகளில் கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகளில் என்ன நிகழ்கிறது, அது நாடித்துடிப்பையும் கையின் குளிர்ச்சியையும் எப்படி விளக்குகிறது? 'சிறுநீரகம்' என்பது இப்படி: நீர் குறைந்ததை உடல் எங்கே உணர்கிறது, எந்த ஹார்மோன்கள் வழியாகச் சிறுநீரைக் குறைக்கிறது? நான்கு முதல் ஆறு கேள்விகள் போதும்.

எழுதி முடித்ததும் ஒரு குரல் எழும்: "ஆளுக்கு ஒரு கேள்வி எடுத்துக்கலாமா?" கூடாது. எல்லோரும் எல்லாக் கேள்விக்கும் படித்தாக வேண்டும். பிரித்துக்கொண்டால் வெள்ளிக்கிழமை நடப்பது ஐந்து குட்டிச் சொற்பொழிவுகள். சொல்பவரை மறுக்க அந்தப் பகுதியைப் படித்த இன்னொருவர் அறையில் இருக்க மாட்டார். மறுப்பில்லாத இடத்தில் கலந்துரையாடல் இல்லை.

ஆசிரியரின் குறிப்பில் உள்ள ஒரு முக்கியக் கேள்வி எழவேயில்லை என்றால் அதை நீங்களே பலகையில் எழுதாதீர்கள். விளக்கப்படாமல் விட்ட குறியைச் சுட்டிக்காட்டுங்கள். "மூச்சைப் பற்றி எதுவும் எழுதவில்லையே" என்றால் போதும், கேள்வி தானே வரும்.

8. இடைவெளியில் படித்தல்

ஒவ்வொரு கேள்விக்கும் குறைந்தது இரண்டு மூலங்களைப் பார்க்க வேண்டும் என்றும், அவற்றில் ஒன்றாவது பாடநூலாக இருக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்புங்கள். யூடியூப் காணொளியும் சாட்ஜிபிடியும் ஹாஸ்டல் அறையில் இருக்கத்தான் செய்யும். தடை போட்டுப் பயனில்லை. ஆனால் அவை தரும் விடை கேள்விக்கு அப்படியே பொருந்தி வழவழவென்று இருக்கும் என்பதால், தனக்குப் புரிந்துவிட்டது என்ற மயக்கத்தை மாணவருக்குத் தருகின்றன. பாடநூலில் விடை மூன்று அத்தியாயங்களில் சிதறிக் கிடக்கும். அவற்றைக் கோக்கும் உழைப்பில்தான் படிப்பு நடக்கிறது.

அமர்வுக்குக் கொண்டுவர வேண்டியது ஒரே ஒரு தாள்: ஒவ்வொரு கேள்விக்கும் கையால் வரைந்த ஒரு படமும், அதன் கீழே எந்த நூல், எந்தப் பக்கம் என்ற குறிப்பும். நகலெடுத்த பக்கங்களை அனுமதித்தால் அமர்வு வாசிப்பு மன்றமாகிவிடும்.

சீனியர்களின் நோட்டுகள் சுற்றுக்கு வருவதையும் எதிர்பார்த்திருங்கள். அதற்கான மருந்து கடைசிப் பகுதியில் இருக்கிறது.

9. இரண்டாம் அமர்வு

முதல் அமர்வின் வரைபடத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருப்பார்கள். அதை மீண்டும் பலகையில் வரைந்துவிட்டுத் தொடங்கட்டும். அங்கே எழுதிய தவறான அம்புகளைத் தாங்களே அடித்துத் திருத்துவதில் மாணவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. தாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

'முதல் கேள்விக்கு யார் சொல்கிறீர்கள்' என்று கேட்காதீர்கள். எப்போதும் அதே கைதான் உயரும். தலைவர் ஒரு சீட்டை எடுத்து வரும் பெயரை அழைக்கட்டும். அழைக்கப்பட்டவர் தாளைப் பார்க்காமல் பலகையில் வரைந்து விளக்க, அடுத்தவர் அதில் விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டும். பார்த்து வாசிக்கத் தொடங்கினால் நிறுத்தி, "தாளைக் கவிழ்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று மென்மையாகச் சொல்லுங்கள். வாசிப்பவருக்குத் தமக்குப் புரியாத வாக்கியம் எது என்று தெரியாது. பேசுபவருக்கு அந்த இடத்தில் நாக்கு நின்றுவிடும்.

மூலங்கள் முரண்படும் இடங்களை விரைந்து தீர்த்துவிடக் கூடாது. ஒரு மாணவி உடல்நீர் 42 லிட்டர் என்று எழுதிவர, மற்றவர்கள் 36 என்று சாதித்த நாள் ஒன்று உண்டு. அவர் படித்த நூல் 70 கிலோ மனிதரை வைத்துக் கணக்கிட்டிருந்தது. இரண்டுமே 60 சதவீதம்தான் என்று கண்டுபிடிக்க ஆறு நிமிடம் ஆனது. நான் ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். பாடநூல் எண் ஒரு குறிப்பிட்ட மனிதருக்கானது என்பது அந்த ஆறு நிமிடத்தில் அவர்களுக்குப் பிடிபட்டது.

பாதி நேரம் கடந்ததும் மூன்றாம் தாளைக் கொடுங்கள். வேகமான மூச்சு என்ற, முதல் அமர்விலிருந்து தொங்கிக்கொண்டிருக்கும் குறிக்கு இப்போது விடை கிடைக்கும். அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் மலத்தோடு போய்விட்டது. இரத்தம் அமிலப் பக்கம் சாய்ந்தது. அதை ஈடுகட்டக் கரியமில வாயுவை ஊதித் தள்ள மூச்சு ஆழமாகிறது. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழிக்கச் சொல்லுங்கள்: 138-இல் 128 போக 10. அந்த இடைவெளி இயல்பாகவே இருக்கிறது, ஆகவே புதிதாக அமிலம் எதுவும் பெருமளவில் சேரவில்லை, இழந்த பைகார்பனேட்டின் இடத்தைக் குளோரைடு நிரப்பியிருக்கிறது என்ற முடிவை அவர்களே எட்டுவார்கள். கால் இழுப்புக்கு எல்லோரும் பொட்டாசியம் 3.0-ஐயே காரணமாகக் காட்டுவார்கள். உப்பும் நீரும் இழந்ததற்கும் அதில் பங்குண்டு என்பதை யாராவது சொல்கிறார்களா என்று காத்திருங்கள்.

கடைசியில் ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை மேசையில் வைப்பது என் வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய வாய்ப்பாட்டில் ஒரு லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல். மொத்த ஊடுபரவல் அடர்த்தி 245. அந்த அட்டையில் உள்ள கிராம் கணக்கைப் படிக்கச் சொல்லிவிட்டு, "அவர் மனைவி கொடுத்த வெறும் தண்ணீர் ஏன் போதவில்லை? சர்க்கரையை இன்னும் அள்ளிப் போட்டால் நல்லதுதானே?" என்று கேளுங்கள். சோடியமும் குளுக்கோசும் கைகோத்துக்கொண்டு செல்லுக்குள் போகும் கதவைப் படித்தவர்கள் முதல் கேள்விக்கு உடனே விடை சொல்வார்கள். இரண்டாவதற்குத்தான் தடுமாறுவார்கள், உறிஞ்சப்படாமல் தங்கும் சர்க்கரை நீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டும் என்பதற்கு, ஊடுபரவலை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். சிகிச்சை முறைக்குள் இதற்கு மேல் போகாதீர்கள். அது பின்னால் வரும் ஆண்டுகளின் பாடம்.

10. மதிப்பிடுதல்

பேசியதற்கு மதிப்பெண் போட்டால் மதிப்பெண்ணுக்காகப் பேசுவார்கள். மூன்றாம் வாரமே எல்லோரும் எல்லாவற்றுக்கும் "நானும் அதையே சொல்ல வந்தேன்" என்று தொடங்குவதைக் கேட்கலாம். லாக் புக்கில் வருகையும் கையால் எழுதிய தாளும் பதிவானால் போதுமானது. அறிவைச் சோதிக்க வேண்டும் என்றால் இன்டர்னல் தேர்வில், அதே இயக்கத்தை வேறொரு நோயாளியில் வைத்துக் கேளுங்கள்.

அமர்வின் இறுதியில் பத்து நிமிடம், ஒவ்வொருவரும் இரண்டு வரி சொல்லட்டும்: தான் இன்று செய்ததில் குழுவுக்கு உதவியது எது, அடுத்த முறை மாற்றிக்கொள்ளப்போவது எது. மற்றவரைப் பற்றிப் பேசுவது முதல் இரண்டு நோயாளித் தாள்களுக்கு வேண்டாம். ஆசிரியரும் அந்த வட்டத்தில் தம் இரண்டு வரியைச் சொல்ல வேண்டும், அதுவும் முதலில். "தேவையில்லாமல் இரண்டு இடத்தில் குறுக்கிட்டேன்" என்று ஆசிரியர் சொல்லிக் கேட்ட பிறகுதான் மாணவர்கள் உண்மையைச் சொல்லத் தொடங்குகிறார்கள்.

11. அடுத்த முறைக்கு

அன்று மாலையே தாளை எடுத்து, குழு எங்கே தேங்கியது, எந்தக் கேள்வி எழவில்லை, எந்தச் சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதை ஆசிரியர் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால் நன்றாகப் போனது மட்டுமே நினைவில் இருக்கும். மற்றக் குழுக்களை நடத்தியவர்களோடு தேநீர் நேரத்தில் கால் மணி நேரம் ஒப்பிட்டுப் பார்த்தால், தவறு உங்கள் குழுவிலா, தாளிலா என்பது தெரிந்துவிடும்.

பிறகு எண்களை மாற்றுங்கள். அடுத்த பேட்சுக்கு இதே நோயாளி 45 கிலோ எடையுள்ள பெண்ணாக, நடவு வேலைக்குப் போனவராக வரட்டும். பெண்களுக்கு உடல்நீரின் பங்கு சற்றுக் குறைவு என்பதால் 60 சதவீதக் கணக்கு அப்படியே பொருந்தாது. சீனியரின் நோட்டில் உள்ள 36-ஐயும் 12-ஐயும் அப்படியே பலகையில் எழுதுபவர் எடைக்கும் பாலினத்துக்கும் ஏற்ப மீண்டும் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.